மின்காந்தமும் குளிர்ச்சியும்

காந்தத்தைக் கையிலெடுத்து விளையாடி மகிழாத சிறுவர் அரியர். ஆணியும் ஊசியும் தாவி வந்து அதனோடு ஒட்டிக்கொள்ளும் காட்சி எவர் உள்ளத்தையும் கவரும். இயற்கையிற் கிடைக்கும் காந்தக் கல்லின் ஆற்றல் சிறிது. மனிதன் தன் அறிவினாற் படைத்துக்கொண்ட மின்காந்தமோ பல்லாயிரம் கிலோகிராம் எடையுள்ள இரும்பையும் எளிதில் தூக்க வல்லது. மின்சாரத்தைச் செலுத்தினால் அது பற்றும், நிறுத்தினால் விட்டுவிடும். இத்துணைப் பெருமை வாய்ந்த மின்காந்தத்திற்கு ஒரு பகை உண்டு. அப்பகை வெளியிலிருந்து வருவதன்று. அதன் வயிற்றிலேயே பிறப்பது. வெப்பமே அப்பகை. ஒரு மின்காந்தத்தின் வலிமைக்கு எல்லை வகுப்பது பெரும்பாலும் மின்சாரத்தின் குறைவன்று; உள்ளே பிறக்கும் வெப்பத்தை வெளியேற்ற இயலாமையே ஆகும். ஆதலின் மின்காந்தம் அமைக்கும் கலையில் பாதி, அதனைக் குளிர்விக்கும் கலையே எனலாம்.

மின்காந்தத்தின் தோற்றம்

1820-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் எர்ஸ்டெட் என்பவர், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகில் வைத்த காந்த ஊசி அசைவதைக் கண்டறிந்தார். மின்சாரம் ஓடும் இடத்திலெல்லாம் காந்த ஆற்றலும் தோன்றும் என்னும் உண்மை அன்று உலகிற்கு வெளிப்பட்டது. ஐந்தாண்டு கழித்து, இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்டர்ஜன் என்பவர் ஓர் இரும்புத் துண்டைக் குதிரை லாடம்போல் வளைத்து, அதன்மேல் செம்புக் கம்பியைப் பதினெட்டுச் சுற்றுச் சுற்றி மின்சாரத்தைச் செலுத்தினார். ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள அவ்விரும்பு நான்கு கிலோகிராம் எடையைத் தூக்கியது.

ஸ்டர்ஜன் பயன்படுத்திய கம்பிக்கு மேலுறை இல்லை. ஒரு சுற்று மற்றொரு சுற்றைத் தொடுமாயின் மின்சாரம் குறுக்கு வழியிற் பாய்ந்துவிடும். ஆதலின் அவர் கம்பியை இடைவெளி விட்டே சுற்ற வேண்டியிருந்தது. அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி இக்குறையை நீக்கினார். அவர் கம்பிக்குப் பட்டுறை இட்டு, அதனை நெருக்கமாகப் பல அடுக்குகளாகச் சுற்றினார். 1831-ஆம் ஆண்டில் அவர் அமைத்த காந்தம் ஒன்று 900 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையைத் தாங்கி நின்றது.

பட்டுடுத்திய சுருள் வலிமை பெற்றது. ஆனால் கோடைக்காலத்தில் பட்டுடுத்தியவர்க்கு நேரும் புழுக்கம் அதற்கும் நேர்ந்தது. மின்சாரத்தைத் தடுக்கும் உறை பெரும்பாலும் வெப்பத்தையும் தடுக்கும். அடுக்குகள் மிக மிக, உள்ளடுக்கில் தோன்றும் வெப்பம் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். குளிர்ச்சியைப் பற்றிய கவலை அன்றே தொடங்கிவிட்டது.

வெப்பம் பிறக்கும் விதம்

மின்சாரம் கம்பியிற் செல்லுங்கால் கம்பி அதனைச் சிறிது தடுக்கிறது. இதனை மின்தடை என்பர். அத்தடையை எதிர்த்துச் செல்வதால் மின்சாரத்தின் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக மாறுகிறது. இதன் கணக்கை 1841-ஆம் ஆண்டில் ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் வரையறுத்தார். மின்னோட்டத்தை இருமடங்காக்கினால் வெப்பம் நான்கு மடங்காகும். மும்மடங்காக்கினால் ஒன்பது மடங்காகும். இரும்பகம் இல்லாத சுருளில், காந்தப்புலம் மின்னோட்டத்தின் அளவிற்கேற்ப ஒன்றுக்கு ஒன்றாகவே வளரும். வெப்பமோ அதனை முந்திக்கொண்டு பாயும். வருவாய் ஒருமடங்கு பெருகச் செலவு மும்மடங்கு பெருகும் குடும்பத்தின் நிலை போன்றதே இது.

இரும்பை நடுவில் வைத்தால் குறைந்த மின்சாரத்தாலேயே மிகுந்த புலம் பெறலாமே எனின், அதற்கும் ஓர் எல்லை உண்டு. காந்தப்புலத்தை டெஸ்லா என்னும் அலகால் அளப்பர். புவியின் காந்தப்புலம் ஒரு டெஸ்லாவில் ஏறத்தாழ இருபதினாயிரத்தில் ஒரு பங்கே ஆகும். இரும்பு ஏறத்தாழ இரண்டு டெஸ்லா வரையிலேயே பெருந்துணை புரியும். அதற்கு மேல் அதன் உதவி தளர்ந்துவிடும். அவ்வெல்லையைக் கடக்க விரும்புவோர் மின்னோட்டத்தையே நம்ப வேண்டும். மின்னோட்டத்தை நம்பினாலோ வெப்பத்திற்கு விடை கூற வேண்டும்.

வெப்பம் தங்கினால் விளையும் கேடுகள் பல. செம்பின் வெப்பநிலை 100 டிகிரி உயருமாயின், அதன் மின்தடை ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு மிகும். தடை மிகுந்தால் வெப்பம் மேலும் பிறக்கும். வெப்பத்தால் தடை மேலும் ஏறும். வட்டிக்கு வட்டி ஏறும் கடன்போல இது வளரும். முடிவிற் காப்புறை கருகும், சுற்றுகள் ஒன்றையொன்று தொடும், சுருள் பாழாகும். சுருளின் வடிவம் வெப்பத்தால் சிறிது மாறினும் காந்தப்புலம் தன் நேர்மையை இழந்துவிடும். நுட்பமான ஆய்வுக்கு அமைந்த காந்தத்தில் இச்சிறு மாற்றமும் பொறுக்கத்தக்கதன்று.

நீரின் பணி

வெப்பத்தை வாங்கிச் செல்வதில் நீருக்கு நிகரான எளிய பொருள் வேறில்லை. ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4,200 ஜூல் வெப்பம் வேண்டும். இதனை அடிப்படையாகக் கொண்டே குளிர்விக்கும் அமைப்பைக் கணக்கிடுவர். ஒரு காந்தத்தில் நொடிதோறும் பத்து இலட்சம் ஜூல் வெப்பம் தோன்றுவதாகவும், நீர் 30 டிகிரிக்கு மேல் சூடேறலாகாது எனவும் கொள்வோம். அப்போது நொடிக்கு ஏறத்தாழ எட்டு லிட்டர் நீர் அச்சுருளினூடே ஓட வேண்டும். நிமிடத்திற்கு 480 லிட்டர் ஆகும். இந்நீர் ஒரு நொடி தடைப்படினும் வெப்பம் காத்திராது.

இந்நீரைச் சுருளின் வெளிப்புறத்தில் ஊற்றினால் போதாது. வெப்பம் பிறக்கும் இடத்திற்கே நீர் செல்ல வேண்டும். ஆதலின் நடுவே துளையுள்ள செம்புக் கோலைக் கொண்டு சுருளை முடைவர். செம்பில் மின்சாரம் ஓடும். அதன் துளையில் நீர் ஓடும். இவ்வகைச் சுருளில் தாயின் மடியிற் சேய் இருப்பதுபோல் வெப்பத்தின் அருகிலேயே குளிர்ச்சியும் இருக்கும்.

உழவர் நன்கறிந்த இடர் ஒன்று இங்கும் உண்டு. நீண்ட வாய்க்காலில் தலைமடைக்கு நீர் நிரம்பக் கிட்டும், கடைமடையோ வாடும். அதுபோலவே நீண்ட சுருளில் நுழைவாயிற் குளிர்ந்திருந்த நீர், வழியெல்லாம் வெப்பத்தை ஏற்று, முடிவில் கொதிநிலையை நெருங்கிவிடலாம். இதனைத் தவிர்க்கும் பொருட்டு ஒரே நெடுவழியைப் பல குறுவழிகளாகப் பிரிப்பர். மின்சாரம் சுருள் முழுவதும் ஒரே தொடராகச் செல்லும். நீரோ தலைக்குழாய் ஒன்றிலிருந்து பல கிளைகளாகப் பிரிந்து புகுந்து, மீண்டும் ஒரு குழாயிற் கூடும். ஒவ்வொரு கிளையும் தனக்குரிய பங்கை ஒழுங்காகப் பெறுமாறு செய்வதே அமைப்பாளரின் திறம். நீரின் விரைவும் அளவோடு இருத்தல் வேண்டும். மெல்லச் சென்றால் துளையின் சுவரை ஒட்டிய நீர் மட்டும் சூடாகும். நடுவிற் செல்லும் நீர் பயனின்றிப் போகும். சுழன்று கலந்து செல்லும் அளவிற்கு அது விரைய வேண்டும். வரம்பு கடந்து விரைந்தாலோ செம்பையே அரித்துவிடும்.

அமைப்போர் கடைப்பிடிக்கும் நெறிகள்

குளிர்விக்கும் நீர் குடிநீரைப் போன்றதன்று. அதிலுள்ள உப்புகளை முற்றும் நீக்கிய பின்னரே சுருளினுட் செலுத்துவர். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். உப்பற்ற நீர் பெரிதும் கடத்தாது. நீரிற் கரைந்துள்ள உயிர்வளியின் அளவையும் கண்காணிப்பர். அது செம்போடு கூடி உண்டாக்கும் கரிய மாசு, நாளடைவில் குறுகிய துளைகளை அடைத்துவிடும். தலைக்குழாயையும் சுருளையும் மின்சாரம் கடத்தாத குழல்களால் இணைப்பர். இல்லையேல் குழாய் வழியே மின்சாரம் கசிந்து செல்லும்.

நிறுவும் வேலையில் இணைப்புகளே பெருங்கவலைக்கு உரியவை. செம்புக் கோல்களைப் பற்றவைக்கும் இடங்களை, இயன்ற அளவு சுருளின் வெளிப்புறத்திலேயே அமைப்பர். உள்ளே அமைந்த இணைப்பில் ஒரு துளி நீர் கசிந்தாலும் சுருள் முழுவதையும் அவிழ்க்க நேரும். பற்றவைக்குங்கால் உருகிய பொருள் துளைக்குள் வழிந்து அதனை அடைத்திருக்கவும் கூடும். ஆதலின் சிறிய உருண்டை ஒன்றைக் காற்றின் விசையால் ஒரு முனையிற் செலுத்தி, மறுமுனையில் வெளிவருகிறதா எனச் சோதிப்பர். வேலை செய்யும்போது ஏற்படும் அழுத்தத்திலும் மிகுந்த அழுத்தத்தில் நீரைச் செலுத்திக் கசிவு உண்டா எனப் பார்ப்பர். நீரோட்டம் குறைந்தாலோ, வெப்பம் வரம்பு மீறினாலோ, மின்சாரம் தானே நின்றுவிடுமாறு காவற்கருவிகளையும் பொருத்துவர்.

அமெரிக்க அறிஞர் பிரான்சிஸ் பிட்டர் என்பவர் 1930-களில் கம்பியையே விட்டொழித்துப் புதியதொரு வழி கண்டார். செம்புத் தட்டுகளில் எண்ணற்ற துளைகளை இட்டு, தட்டுக்குத் தட்டு காப்பு வைத்து, அவற்றைச் சுழற்படிக்கட்டுப்போல் இணைத்து அடுக்கினார். துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்ப்பட்டு நீர் செல்லும் வழிகளாயின. இவ்வமைப்பால் அவர் பத்து டெஸ்லா புலத்தை எய்தினார். அத்தகைய புலத்தில் காந்தம் தன் சுருளையே வெளிப்புறமாகத் தள்ளும். அத்தள்ளுதல் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 400 மடங்காகும். துளைகள் மிகுந்தால் குளிர்ச்சி பெருகும். ஆனால் தட்டின் உறுதி குறையும். இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பதே அவ்வமைப்பின் நுட்பம்.

தடை அற்ற உலோகம்

வெப்பத்தை வெளியேற்றுவதை விட, அது பிறவாமலே செய்ய இயலுமா? இவ்வினாவிற்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஹாலந்து நாட்டில், லெய்டன் நகரில் காமர்லிங் ஓனஸ் என்னும் அறிஞர், 1908-ஆம் ஆண்டில் ஹீலியம் என்னும் வாயுவை முதன்முதலாக நீர்மமாக்கினார். அதன் கொதிநிலை, நீர் உறையும் நிலைக்கு ஏறத்தாழ 269 டிகிரி கீழே உள்ளது. அக்கடுங்குளிரில் உலோகங்களின் இயல்பை ஆராய்ந்தபோது, 1911-ஆம் ஆண்டில் பாதரசத்தின் மின்தடை திடீரென மறைந்துபோவதைக் கண்டார். இவ்வியல்பு பெற்ற பொருள்களை மீக்கடத்திகள் என்பர்.

தடை இல்லையெனின் வெப்பம் இல்லை. வெப்பம் இல்லையெனின் எத்துணை வலிய காந்தத்தையும் அமைக்கலாம் என ஓனஸ் கருதினார். ஆனால் அவர் கையாண்ட உலோகங்கள் சிறிதளவு காந்தப்புலத்திலேயே அவ்வியல்பை இழந்தன. வலிய புலத்தைத் தாங்கும் உலோகக் கலவைகள் 1960-களின் தொடக்கத்திலேயே அறியப்பட்டன. நியோபியமும் டைட்டேனியமும் கலந்த கம்பி அவற்றுள் ஒன்று.

மீக்கடத்தியால் குளிர்விக்கும் பணி ஒழிந்துவிடவில்லை, முன்னினும் அருமையாயிற்று. செம்புச் சுருளில் குளிர்ச்சி குறைந்தால் சுருள் சூடாகும். மீக்கடத்திச் சுருளில் குளிர்ச்சி சிறிது குறைந்தாலோ அதன் இயல்பே மறைந்துவிடும். மறைந்த இடத்தில் தடை தோன்றும். தடையால் வெப்பம் பிறக்கும். அவ்வெப்பம் அடுத்த இடத்தையும் கெடுக்கும். காட்டுத் தீப்போல் அது நொடியிற் பரவும்.

சுருளின் வடிவம் சிக்கலாக ஆக, இப்பணியும் சிக்கலாகும். ஜெர்மனியில் கிரைப்ஸ்வால்ட் நகரில் வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் என்னும் கருவி 2015-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதில் 70 மீக்கடத்திச் சுருள்கள் உள்ளன. அவற்றுள் ஐம்பது, காற்றில் முறுகிய ஓலைபோல் பல பக்கங்களிலும் வளைந்து நெளிந்தவை. அத்தகைய சுருளுக்குப் புறத்தே குளிர்ச்சி செய்வது அரிது. ஆகவே மெல்லிய மீக்கடத்தி இழைகள் பலவற்றை வடமாகத் திரித்து, அலுமினியக் கலவையாலான உறைக்குள் வைத்தனர். இழைகளுக்கு இடையே உள்ள சந்துகளில் ஹீலியம் ஓடுகிறது. வடம் எங்கெங்கு வளைகிறதோ, அங்கெல்லாம் குளிர்ச்சியும் உடன் வளைந்து செல்கிறது.

ஜெனீவாவின் காந்த வளையம்

ஐரோப்பாவில் பிரான்சு, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் எல்லையில், ஜெனீவா நகரின் அருகில், நிலத்தின் அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கம் ஒன்று உண்டு. அணுவின் உட்கருவிலுள்ள துகள்களை ஒளியின் விரைவை நெருங்கச் செய்து, ஒன்றோடொன்று மோதச் செய்யும் பெருங்கருவி அதில் அமைந்துள்ளது. அத்துகள்கள் வட்டப் பாதையை விட்டு விலகாமல் வளைத்துச் செலுத்துவதற்கு 1,232 மீக்கடத்திக் காந்தங்களை நிறுவினர். ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 35 டன் எடையும் உடையது. 11,000 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தால் எட்டு டெஸ்லாவுக்கு மேற்பட்ட புலத்தைத் தருமாறு அது வகுக்கப்பட்டது. இவ்வளையத்திற்குரிய திருத்துக் காந்தங்கள் பலவும், காந்தங்களைத் தாங்கி நிறுத்தும் தூக்கிகள் ஆயிரக்கணக்கிலும் நம் நாட்டிலிருந்து சென்றவை.

இக்காந்தங்களை நீர் உறையும் நிலைக்கு 271 டிகிரி கீழே வைத்தல் வேண்டும். விண்வெளியின் குளிரும் இதற்குப் பிற்பட்டதே. இந்நிலையில் ஹீலியம் ஒரு வியத்தகு தன்மையைப் பெறுகிறது. பிசுக்கென்பதே இன்றி, மயிரிழையினும் நுண்ணிய சந்துகளிலும் அது புகுந்து செல்லும். வெப்பத்தைக் கடத்துவதிற் செம்பையும் வெல்லும். இதனை மீப்பாய்மம் என்பர். வெளிவெப்பம் உள்ளே புகாவண்ணம், காந்தத்தைச் சுற்றிக் காற்றகற்றிய வெற்றிடம், ஒளியைத் திருப்பியனுப்பும் மெல்லிய ஏடுகள், இடைக்குளிர்ச்சியுள்ள உலோகத் திரை எனப் பல அரண்களை அமைத்தனர். உள்ளே புகும் ஒரு வாட் வெப்பத்தை வெளியேற்றுவதற்கு ஏறத்தாழ ஆயிரம் வாட் மின்சாரம் செலவாகும். முதலில் ஆயிரக்கணக்கான டன் நீர்ம நைட்டிரஜனால் ஒரு நிலை வரையிலும், பின்னர் ஹீலியத்தால் இறுதி நிலை வரையிலும் குளிர்விப்பர். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். குளிர்ந்தபோது வளையம் முழுவதும் ஏறத்தாழ 80 மீட்டர் சுருங்கும். அச்சுருக்கத்தை ஏற்பதற்காகக் காந்தங்களுக்கு இடையே துருத்திபோல் மடிந்து விரியும் குழல்களை வைத்தனர்.

ஓர் இணைப்பின் வரலாறு

2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் துகள்கள் முதன்முறையாக அவ்வளையத்தைச் சுற்றி வந்தன. உலகம் மகிழ்ந்தது. ஒன்பது நாள் கழிந்தது. செப்டம்பர் 19-ஆம் நாள், வளையத்தின் ஒரு பகுதியில் மின்னோட்டத்தைப் படிப்படியாக உயர்த்திச் சோதித்துக்கொண்டிருந்தனர். அது 8,700 ஆம்பியரை எட்டியபோது, இரு காந்தங்களை இணைக்கும் வடத்தில், பற்றவைத்த ஓர் இடத்தில் பெரும்பொறி தோன்றியது. அப்பொறி ஹீலியம் நிறைந்த உறையைத் துளைத்தது. நீர்ம ஹீலியம் வெற்றிடத்திற் பாய்ந்து, வாயுவாகிப் பொங்கிப் பரந்தது. அவ்வாயு வெளியேறும் வழிகள் போதவில்லை. டன் கணக்கில் எடையுள்ள காந்தங்கள் தம் தாங்கிகளினின்றும் பெயர்ந்தன. ஏறத்தாழ ஆறு டன் ஹீலியம் வீணாயிற்று. நல்வினைப் பயனாக அங்கு எவருக்கும் தீங்கு நேரவில்லை.

இப்பெருங்கேட்டிற்குக் காரணம் யாது? நன்கு பற்றவைத்த இணைப்பின் தடை ஓர் ஓமில் நூறுகோடியில் ஒரு பங்கினும் குறைவாக இருத்தல் வேண்டும். பழுதான அவ்விணைப்பின் தடை ஓர் ஓமில் நூறுகோடியில் ஏறத்தாழ 220 பங்கு இருந்திருக்கும் என ஆய்வாளர் முடிவு செய்தனர். கணக்கிட்டால், 8,700 ஆம்பியரில் அங்குத் தோன்றிய வெப்பம் பதினேழு வாட் அளவே ஆகும். ஒரு சிறு விளக்கின் வெப்பம் அது. அவ்வளவினால் 27 கிலோமீட்டர் வளையம் ஓராண்டுக்கு மேல் வாய்மூடிக் கிடந்தது.

இவ்வரலாற்றில் நெஞ்சிற் பதிக்கத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. கேடு நேர்ந்த பின்னர்ப் பழைய பதிவேடுகளை ஆராய்ந்தனர். அதற்குச் சில நாள் முன்னர், 7,000 ஆம்பியரில் நடந்த சோதனையின்போதே, அவ்விடத்தின் வெப்பநிலை மிக நுண்ணிய அளவு உயர்ந்திருந்தது. வெப்பமானி உண்மையைக் கூறியிருந்தது. அதனைக் கேட்பார்தாம் அன்று இல்லை.

பழுதுற்ற பகுதியிலிருந்து 53 காந்தங்களை வெளியே கொணர்ந்து, செப்பனிட்டோ மாற்றியோ மீண்டும் நிறுவினர். இணைப்புகளின் தடையை இடைவிடாது அளக்கும் கருவிகளைப் பொருத்தினர். வாயு வெளியேறும் வழிகளைப் பெருக்கினர். 2009-ஆம் ஆண்டு நவம்பரில் வளையம் மீண்டும் இயங்கியது. 2012-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், அறிஞர் பல ஆண்டு தேடிய ஹிக்ஸ் துகளைக் கண்ட செய்தி அங்கிருந்து உலகெங்கும் பரவியது. அதன் பின்னரும் அவர்கள் ஓய்ந்திலர். 2013-இல் தொடங்கிய நீண்ட ஓய்வுக்காலத்தில், பதினாயிரத்திற்கு மேற்பட்ட இணைப்புகளை ஒவ்வொன்றாக வலுப்படுத்தினர்.

முடிவுரை

மருத்துவமனையில் நோயாளியின் உடலினுள்ளே கத்தியின்றிக் காணும் பெரிய காந்தக் கருவியிலும் மீக்கடத்திச் சுருள்களே பெரும்பாலும் உள்ளன. ஹீலியத்தின் குளிர்ச்சியே அவற்றையும் காத்து வருகிறது. நோயாளி அச்சுருளைக் காண்பதில்லை. குளிர்ச்சியை உணர்வதும் இல்லை. அஃது உள்ளே ஓடிக்கொண்டிருப்பதாலேயே அவர் நோயின் இடம் புலனாகிறது.

கோபுரத்தைக் காண்போர் கலசத்தைப் புகழ்வர். கடைகாலை நினைப்பவர் சிலரே. காந்தத்தின் வலிமையைப் புகழும் உலகும், அதன் உள்ளே ஓடும் நீரையும், நீர் செல்லும் துளையைச் சோதித்த கையையும், இணைப்பைப் பற்றவைத்த கண்ணையும் நினைப்பதில்லை. ஆயினும் அவற்றுள் ஒன்று தவறினும் வலிமை முழுவதும் பாழாகும். பெருஞ்செயல் செய்ய விழைவோர், தம்முள் எழும் வெம்மையை அவ்வப்போது தணித்துக்கொள்ளவும், சிறு பழுதையும் அது சிறிதாக இருக்கும்போதே அறிந்து களையவும் பழகுதல் வேண்டும். மின்காந்தச் சுருள் மாந்தர்க்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.